பிரஸ் மெஷினில் போன விரல் நுனி... பெங்களூரு வரை கேட்கும் சத்தம்! 'டூம், ஸ்லட்ஜ்' மெட்டல் என்றால் என்ன?

கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி. ஒரு பக்கம் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரா. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி. இந்தப் பக்கத்து இளைஞர்களில் பலருக்கு வேலை என்றால் ஒன்று ஓசூர் சிப்காட், இல்லையென்றால் பெங்களூரு.

அந்தப் பெங்களூருவில்தான் இந்தியாவின் கனமான, மெதுவான ஹெவி மெட்டல் இசைக்கு ஒரு தனி வட்டம் இருக்கிறது. ரேடியோவில் வராது, சினிமாவிலும் வராது. ஆனால் இந்த இசை பிறந்த கதை, ஆலையில் வேலை பார்க்கிற யாருக்கும் சட்டெனப் புரியும்.

எங்கே தொடங்கியது?

1965. இங்கிலாந்தின் பர்மிங்காம். தகரம் வெட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்த 17 வயது டோனி அயோமிக்கு அன்று கடைசி நாள். பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்பவர் வராததால், இவரை அதில் நிற்க வைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் துண்டாகிவிட்டன. இடது கைப்பழக்கம் உள்ளவர் என்பதால், கிட்டார் கம்பியை அழுத்துவதற்கு அவருக்கு அந்த வலது கைதான் வேண்டும்.

அவர் விடவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார், மேலே தோல் ஒட்டினார். அழுத்த வலிக்காத மெல்லிய கம்பிகளைப் போட்டார். பின்னாளில் கம்பிகளின் இறுக்கத்தையும் குறைத்தார். இறுக்கம் குறைந்தால் சுருதி இறங்கும். ஒலி இன்னும் ஆழமாக, இருட்டாக வரும். 1970-ல் வெளியான பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பமும், சுருதியை இறக்கி வாசித்த 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யும்தான் இந்த வகை இசைக்கெல்லாம் அடித்தளம். அந்த பேண்டின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்காமில் கடைசி நிகழ்ச்சியை நடத்திவிட்டு, 17 நாளில் மறைந்தார்.

டூம், ஸ்லட்ஜ், சைகடெலிக், புரோக்ரசிவ்: என்ன வித்தியாசம்?

டூம்: வேகம் ரொம்பக் குறைவு. ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப வந்து நெஞ்சில் ஏறி உட்காரும். ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு.

ஸ்லட்ஜ்: ஆலைகளில் கழிவுநீர்த் தொட்டியின் அடியில் தேங்கும் கசடை 'ஸ்லட்ஜ்' என்போமே, அதே சொல்தான். டூமின் கனத்தோடு, பங்க் இசையின் கோபமும் கத்தலும் சேர்ந்தது. அமெரிக்காவின் மெல்வின்ஸ், நியூ ஆர்லியன்ஸின் ஐஹேட்காட் முன்னோடிகள்.

சைகடெலிக்: எதிரொலி, நீண்டு இழுக்கும் ஒலிகள், மயக்கம் தரும் சூழல். 1960-களின் ராக் இசையிலிருந்து வந்தது.

புரோக்ரசிவ்: பாட்டுக்குள்ளேயே தாளம் மாறும். நான்கு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருப்பது திடீரென ஏழுக்குத் தாவும். மிச்ர சாபு கேட்ட காதுக்கு இது ஒன்றும் அந்நியம் இல்லை.

இந்த நான்கும் கலக்கும்போதுதான் சுவாரஸ்யம். அமெரிக்காவின் மாஸ்டடான் 2004-ல், 'மோபி டிக்' நாவலை வைத்து 'லெவியத்தான்' என ஒரு முழு ஆல்பமே போட்டது. ஸ்லட்ஜும் புரோக்ரசிவும் கலந்ததற்கு அது நல்ல உதாரணம்.

பெங்களூருவில் யார்?

2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா எனப் பெரிய பேண்டுகள் வந்து வாசித்த ஊர் இது. 2012 முதல் 'பெங்களூரு ஓப்பன் ஏர்' விழாவும் உண்டு. ஆனால் நாம் பேசும் வட்டம் இதைவிடச் சின்னது.

டையிங் எம்ப்ரேஸ் 1990-களிலேயே டூமும் டெத் மெட்டலும் கலந்து வாசித்த பேண்ட். 2012-ல் முதல் ஆல்பம் கொண்டுவந்த பேவர் சீ, பிளாக் சப்பாத் வழி வந்தது. அந்தப் பெயருக்கு எல்லையோர மக்களிடம் விளக்கமே தேவையில்லை; உருப்படாதவனைத் திட்டும் 'பேவர்சி'தான்! ஆங்கிலத்தில் எழுதும்போது கடல் ஆக்கிவிட்டார்கள். ஜின் அண்ட் மிஸ்கடானிக் டூம், ஷெப்பர்ட் ஸ்லட்ஜ். மும்பையின் டர்ஜ், மாயன் புராணத்தை வைத்து 2018-ல் 'ஆ புச்' ஆல்பம் வெளியிட்டது.

'அண்டர்கிரவுண்ட்' என்றால் சட்டவிரோதமா?

இல்லை. பெரிய கம்பெனி, ஸ்பான்சர் இல்லாமல் சொந்தக் காசில் ஒலிப்பதிவு செய்து, இணையத்தில் விற்று, சின்ன அரங்கில் வாசிப்பது. அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெங்களூருவில் நேரடி இசை நடத்தும் இடங்களுக்கு உரிமம் தேவை என்ற 2005-ம் ஆண்டு உத்தரவை, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு உரிமம் இல்லாத பப்களில் பாட்டு நின்றது. முதல் அடி வாங்கியது இந்த மாதிரி சின்ன பேண்டுகள் வாசிக்கும் இடங்கள்தான்.

ஓசூரிலிருந்து 40 கி.மீ.தானே... என்ன தடை?

முதலில் நேரம். ஒத்திகைக்கு நான்கு பேரும் ஒரே நேரத்தில் கூட வேண்டும். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவருக்கு அது பெரிய கனவு. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூருக்கு இன்னும் வரவில்லை. நிகழ்ச்சி முடியும் நேரத்தில் ஊர் திரும்புவது தனிப் போராட்டம்.

அடுத்தது இடம். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், தொழிற்பேட்டையில் 75. டிரம்ஸ் ஒன்றே இதையெல்லாம் தாண்டிவிடும். சத்தம் வெளியே போகாத அறை வேண்டும், அதற்கு வாடகை வேண்டும்.

மூன்றாவது, பேச வேண்டியது. அயோமிக்கு நடந்தது பழைய கதை இல்லை. நம் நாட்டின் வாகன உதிரிபாக ஆலைகளில் பவர் பிரஸ்ஸில் விரல் இழக்கும் தொழிலாளர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பிரஸ்ஸுக்கு சென்சார் இருக்கிறதா, பழகாத ஆளை அதில் நிறுத்துகிறார்களா என்ற கேள்வி, அன்று பர்மிங்காமில் கேட்டிருக்க வேண்டியது. இன்று இங்கேயும் கேட்க வேண்டியது. விரல் போன எல்லோரும் அயோமி ஆவதில்லை.

எதிலிருந்து கேட்கலாம்?

முதலில் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. பிறகு பேவர் சீ, கொஞ்சம் காது பழகியதும் ஷெப்பர்ட், டர்ஜ். முதல் இரண்டு நிமிடத்தில் 'என்னடா இவ்வளவு இழுக்குது' என்று தோன்றும். தோன்றட்டும், பாட்டு முடியும் வரை நிறுத்தாமல் கேளுங்க.