ஊசி இலவசம், விளக்கம்?

1965 இலிருந்தே இலங்கை அரசின் சுகாதார சேவைக்குள் குடும்பக்கட்டுப்பாடு இருக்கு. அரச கிளினிக்குக்குப் போனா கருத்தடை ஊசி, லூப், கையில் பதிக்கிற குச்சி எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனா ஊசி போடுறதோட வேலை முடியிறதில்லை.

மூன்று மாத ஊசி போட்டா மாதவிடாய் ஒழுங்கு மாறலாம், சிலருக்கு வராமலே விடலாம். குச்சி பதிச்சா இடையிடையே இரத்தம் படலாம். இதை முதலே யாரும் சொல்லாட்டி பயம் வரத்தான் செய்யும். "கர்ப்பப்பை பழுதாப் போச்சு" என்ற கதையும் இப்படித்தான் ஊருக்குள் பரவுது.

இதுக்குக் குடும்பநல உத்தியோகத்தரை மட்டும் குறை சொல்ல ஏலாது. கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போறதும், பிள்ளைகளை நிறுக்கிறதும், பதிவேடு நிரப்புறதும் அவர்தான். வரிசையில நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இடத்தில் அவர் எதை விளங்கப்படுத்துறது?

2013 இல் கிளிநொச்சி வேரவில், வலைப்பாடு பகுதிப் பெண்கள், சரியான விளக்கமில்லாமல் தங்களுக்குக் கருத்தடை செய்ததாக முறையிட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனா நம்பிக்கை ஒருக்கா உடைஞ்சா திரும்பக் கட்டுறது லேசில்லை.

கதவு பூட்டக்கூடிய ஒரு அறை, தமிழில் கதைக்கக்கூடிய ஊழியர், "வேண்டாம்", "கழட்டி விடுங்கோ" எண்டு சொன்னா மதிக்கப் பழக்குற பயிற்சி. இவற்றுக்கும் காசு ஒதுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவேணும். எத்தனை பேருக்குப் போட்டம் எண்டு எழுதுற பதிவேட்டில், எத்தனை பேருக்கு விளங்கினது எண்டும் எழுதட்டும்.