முகத்தில் பால், முதுகில் சர்க்கரை

பெயர் என்பது ஒரு வாக்குறுதி. ஒரு பொருளுக்குப் பெயரிட்டு விற்பவன், அப்பெயருக்குரிய பொருளையே தருவதாக உறுதி கூறுகின்றான். அவ்வுறுதியை மீறுபவன், வாங்குவோரின் பணத்தோடு சொல்லின் மீது அவர் கொண்ட நம்பிக்கையையும் பறித்துக்கொள்கின்றான். ஆகவே, உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சாகும் சொற்கள் வணிகர்க்கும் சுகாதார அதிகாரிகளுக்கும் மட்டுமே உரிய சிக்கல் அல்ல. சொல்லையும் பொருளையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கும் அதில் பங்கு உண்டு.

மலேசியத் தமிழர் இல்லங்களில், தோட்டப்புறத்து லயங்கள் முதல் நகரத்து அடுக்குமாடி வீடுகள் வரை, தேநீருக்குச் சுவை கூட்டி வந்தது பால் டின். “ஒரு பால் டின் வாங்கி வா” என்று பாட்டி பேரனைக் கடைக்கு அனுப்புகின்றார். பேரன் வாங்கி வருவது பல வேளைகளில் பாலே அன்று. டின்னின் மேலுள்ள பெயரைக் கூர்ந்து படித்தால், பாலைக் குறிக்கும் ‘சுசு’ என்னும் மலாய்ச் சொல் அங்கே இராது. ‘கிரிமர் மானிஸ்’, அதாவது இனிப்புக் கிரீமர் என்பதே அங்கு நிற்கும். பாற்கொழுப்பு இருக்கவேண்டிய இடத்தில் செம்பனை எண்ணெய் அமர்ந்துள்ளது. எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை! டின்னின் வடிவம் மாறவில்லை. கடையில் அது அடுக்கப்படும் இடமும் மாறவில்லை. ஒரு சொல் மட்டும் ஓசையின்றி மாறிவிட்டது. செம்பனை எண்ணெய் நஞ்சு என்பதன்று இங்குள்ள வாதம். பாட்டி பால் என்று நம்புவதை அறிந்தும், அந்நம்பிக்கையைத் திருத்தாமல் அதன் மேலேயே வாணிகம் நடப்பதுதான் குற்றம்.

இக்குற்றம் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1939-ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். இனிப்பிட்ட கெட்டிப்பால் பச்சிளங் குழந்தைக்கு ஏற்ற உணவு என அந்நாளில் விளம்பரம் செய்யப்பட்டது. தாய்மார் அதை நம்பினர். தாய்ப்பாலை இழந்த குழந்தைகள் நோயுற்று மடிந்தன. அம்மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என அவர் அஞ்சாது முழங்கினார். உலகம் விழித்ததோ 42 ஆண்டுகள் கழித்து! 1981-இல் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்ற நெறிமுறை, இனிப்பிட்ட கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக மாற்றும் செய்முறை அதன் மேல்சீட்டில் இடம்பெறலாகாது என்று விதித்தது. சீட்டில் அச்சாகும் சில சொற்கள் உயிரைக் காக்கவும் வல்லவை, போக்கவும் வல்லவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“எல்லாம் சட்டப்படி அச்சிடப்பட்டிருக்கின்றன, படியாதவர் மீதே குற்றம்” என்பர் வணிகத்தின் வழக்கறிஞர்கள். 1985-ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள், கலந்துள்ள பொருள்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் அவ்வரிசை இருப்பது முதுகில், எறும்பு எழுத்தில். முகத்திலோ கொட்டை எழுத்தில் புகழுரை! இனிப்பையே சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, பிரக்டோஸ் எனப் பல பெயர்களில் பிரித்துப் போட்டால், ஒவ்வொன்றும் தனித்தனியே சிறுத்து வரிசையில் கீழிறங்கிவிடும். சட்டத்தின் எழுத்து பிழைக்கும்; அதன் உயிர் மாயும். தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கு அந்தச் சிற்றெழுத்து முற்றிலும் ஊமை.

முகத்திலேயே உண்மையைப் பேசவைக்க முடியாதா? முடியும். 2018-இல் இந்தோனேசிய உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, கெட்டிப்பால் விளம்பரங்களிலும் சீட்டுகளிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காட்டத் தடை விதித்தது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல், பொட்டலத்தில் விற்கப்படும் பானங்களுள் ‘சி’, ‘டி’ தரத்தின அத்தரத்தை முகப்பிலேயே காட்டவேண்டும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பின் அது ‘டி’. அத்தரத்துப் பானங்களுக்கு விளம்பரமும் இல்லை.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிகுதி. இதற்குப் பால் டின் ஒன்றே காரணம் என்பது பேதைமை. எனினும், எதை உண்கிறோம் என்று அறியாதவர் எதைக் குறைப்பது என்று எங்ஙனம் அறிவர்?

சட்டம் வரும் வரை காத்திருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. தமிழ்ப்பள்ளி மாணவன் மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்தவன். வீட்டிலுள்ள ஒரு வெற்று டின்னை அவன் வகுப்பிற்குக் கொணரட்டும். முகத்தில் உள்ளதையும் முதுகில் உள்ளதையும் தமிழில் எழுதி ஒப்பிடட்டும். மாலையில் அதனைப் பாட்டிக்குப் படித்துக் காட்டட்டும். அன்று முதல் அவ்வீட்டில் பால் என்ற சொல்லுக்குப் பால் என்றே பொருளாகும். மொழிக்கல்வியின் பயன் மேடைப் பேச்சோடு முடிவதன்று. அது அடுக்களை வரை சென்றாக வேண்டும்.