சாமியைச் சுற்றுவோம், ஸ்பீக்கர் நம்மைச் சுற்ற வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நம்ம ஆலயத்துக்கு ஒரு யோசனை வந்திருக்கு. மகா மண்டபத்தைச் சுற்றியும் மேலேயும் 24 ஸ்பீக்கர் பொருத்தி, 'ஆம்பிசோனிக்' முறையில் மணியோசை, நாதஸ்வரம், வேத கோஷம் எல்லாம் நாலா பக்கமும் சுற்றி வர்ற மாதிரி செய்யலாமாம். 2023-ல் லாஸ் வேகாஸில் திறந்த ஸ்பியர் அரங்கம் மாதிரி பக்தர்கள் ஒலிக்குள்ளேயே மூழ்கலாமாம். இளைஞர்கள் தேடி வருவார்களாம். உபயம் தரவும் ஆள் தயார்.

நாங்கள் தொண்டர்கள். பந்தல் கட்டுறவங்க, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறவங்க. எங்களை யாரும் கேட்கவில்லை. அதனால இங்க எழுதுறோம்: இது வேண்டாம்.

தொழில்நுட்பத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்களில் ஒருத்தர் ஒலி அமைப்பு வேலைதான் பார்க்கிறார், அவரிடம் உட்கார்ந்து கேட்டோம். 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் என்ற கணித அறிஞரும் மற்றவர்களும் உருவாக்கிய முறை இது. சாதாரண சரவுண்டில் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று முதலிலேயே பிரித்துவிடுவார்கள். ஆம்பிசோனிக்கில் அப்படி இல்லை. ஓர் இடத்தில் நின்றால் முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிற ஒலியை மொத்தமாகப் பதிந்து, பிறகு இருக்கிற ஸ்பீக்கர்களுக்குக் கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் படிக்கு 4 சேனல், இரண்டாம் படிக்கு 9, மூன்றாம் படிக்கு 16. அருமையான மூளை, ஒத்துக்கிறோம்.

ஆனா ஒரு விஷயத்தை அந்த விளக்கக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. இந்தக் கணக்கு சரியாக அமைவது நடுவில் நிற்பவருக்குத்தான். ஓரத்துக்குப் போனால் பக்கத்து ஸ்பீக்கரே காதை இழுத்துவிடும். நல்ல இடத்தைப் பெரிதாக்க சேனலும் ஸ்பீக்கரும் கூடிக்கொண்டே போக வேண்டும், செலவும் கூடும்.

நம்ம மண்டபத்தில் நடுவில் நிற்பது யார்? உங்களுக்கே தெரியும். மாலை போட்ட பிரமுகர். தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் அம்மாவுக்கும் கிடைப்பது பக்கத்து ஸ்பீக்கரின் இரைச்சல். அதுவே தவில்காரர் கொடிமரத்துக்கிட்ட நின்று வாசித்தால்? பாட்டிக்கும் சத்தம் கொடிமரத்திலிருந்துதான் வரும், பிரமுகருக்கும் அங்கிருந்துதான் வரும். யாருக்கும் கூடக் குறைய இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. அந்த மாதிரி அரங்கத்தில் நீங்க நடுவில் நிற்பீங்க, ஒலி உங்களைச் சுற்றி வரும். கோயிலில் நடுவில் இருப்பது மூலவர். நாம்தான் சுற்றி வருகிறோம். வலம் வரும்போது மணிச்சத்தம் ஒரு மூலையில் மங்கும், இன்னொரு மூலையில் தெளியும். தீபாராதனைக்கு மணி கேட்டதும் பின் பிராகாரத்தில் இருப்பவர் ஓடி வருகிறாரே, அந்த ஓட்டமும் பக்திதானே? எல்லாச் சத்தமும் நம்மைத் தேடி வந்துவிட்டால் நாம் யாரைத் தேடிப் போவது?

நம்ம மலாக்காவையே பாருங்க. தங்கச்சாரித் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் எமாஸில், ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781-லிருந்து இருக்கு. அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில். பக்கத்துப் பக்கத்தில் இத்தனை காலமாக மூன்று வழிபாட்டின் ஓசையும் ஒத்துப்போயிருக்கு. மாசி மகத்துக்கு அங்கிருந்து செங் சன்னாசிமலைக்கு முருகன் ரதத்தில் கிளம்பும்போது நின்றிருக்கிறீர்களா? கடைவீடுகளின் சுவரில் மேளம் மோதித் திரும்பும். முதலில் எங்கேயோ கேட்கும், அப்புறம் நெஞ்சிலேயே அடிக்கும், அப்புறம் மெல்ல விலகிப்போகும். நம்மைத் தாண்டிப் போகிற அந்தச் சத்தத்தின் பின்னாலேயே கால் தானாக நடக்கும். இதைவிட என்ன 'அனுபவம்' வேணும்?

திருவாரூர் கோயிலின் பஞ்சமுக வாத்தியத்துக்கு ஐந்து முகம். ஆனா அதை அடிக்க ஒரு மனிதர் வேணும். நம்ம ஆலயத்தில் அந்த மனிதர்தான் குறைந்துகொண்டே வருகிறார். நாதஸ்வரத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் வரணும், பெர்மிட் கிடைக்கணும், காத்திருக்கணும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு கேட்டோம், பணம் இல்லை என்றார்கள். ஸ்பீக்கருக்கு மட்டும் இருக்கா?

நாங்களும் சுத்தம் இல்லை. ஆள் வரவில்லை என்றதும் மின்சார மணி மேள மெஷினுக்கு ஸ்விட்ச் போட்டது எங்கள் கைதான். அது தடதடவென்று அடிக்கும்போது பக்கத்தில் நின்று போன் பார்த்தவர்களும் நாங்கள்தான். அதனால்தான் பயப்படுறோம். ஒரு ஸ்விட்ச் ஒரு தவில்காரரின் இடத்தைப் பிடித்தது. 24 ஸ்பீக்கர் யார் யார் இடத்தைப் பிடிக்கும்?

இந்த முறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்பீக்கரை விடுங்க, மைக்கை வாங்குங்க. நாலு திசையையும் பதியும் ஆம்பிசோனிக் மைக் உள்ளங்கை அளவில்கூடக் கிடைக்குது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் தோட்டக் கோயில்கள் இன்னும் இருக்கு. ரப்பர் போய் செம்பனை வந்தாச்சு, சனங்கள் தாமானுக்குக் குடிபெயர்ந்தாச்சு, திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வர்றாங்க. மாரியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் உடுக்கை அடித்துப் பாடத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் மிச்சம்? அவர்கள் இருக்கும்போதே, அந்த மரத்தடியோடு, அந்தக் காற்றோடு, கூட்டத்தின் குலவையோடு பதிந்து வைப்போம். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அதை ஆலயத்தில் பூஜைக்குப் போட வேண்டாம், நூலகத்தில் வைக்கலாம்.

வரும் பொதுக்கூட்டத்தில் நாங்கள் கேட்கப் போவது மூன்று. ஸ்பீக்கர் திட்டத்தை நிறுத்துங்க. அந்த உபயத்தை நாதஸ்வரம், தவில் வகுப்புக்குத் திருப்பிவிடச் சொல்லி உபயகாரரிடம் பேசுங்க. தோட்டக் கோயில் ஒலிகளைப் பதிய ஒரு மைக் வாங்கிக் கொடுங்க, கூலி இல்லாமல் நாங்கள் போய்ப் பதிகிறோம்.

உடன்படாதவர்களும் வாங்க, நேரில் பேசுவோம். உடன்படுகிறவர்கள் கீழே லைக் போட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீங்க. கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்குங்க.

அன்னதானம் உண்டு. வெங்காயம் நாங்க உரிக்கிறோம்.

ஓம் சரவணபவ 🙏