நிரலும் இலக்கியம்தான், கூலி எங்கே?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கணினி நிரலையும் 'இலக்கியப் படைப்பு' என்றே வரையறுக்கிறது. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எழுதியவனுக்குக் காசு தராத வழக்கத்தில் இரண்டு துறைகளும் ஒற்றுமையாகவே நடந்துகொள்கின்றன. சிற்றிதழ்க்காரர்களாவது தம்மிடம் பணமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். ஏற்றுமதி நிறுவனங்கள் அப்படிச் சொல்ல முடியாது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஷாப்புகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் இணையதளம் இன்று முகவரி அட்டை போல. ஐரோப்பாவில் இருக்கும் வாங்குநர் முதலில் பார்ப்பது அதைத்தான். அதைக் கட்டித் தருபவர் பெரும்பாலும் ஓர் அறையில் இரண்டு கணினிகளோடு அமர்ந்திருக்கும் உள்ளூர் இளைஞர். முன்பணம் சிறிது, மீதி வாய்வார்த்தை. தளம் வெளியான பிறகு வழக்கமான பாட்டு தொடங்கும்: இன்னும் ஒரு சின்ன மாற்றம், முதலாளி ஊரில் இல்லை, ஆர்டர் சரியில்லை.

முன்பின் தெரியாத வெளிநாட்டு வாங்குநர் என்றால் வங்கியின் எல்.சி. வராமல் சரக்குப் பெட்டியை ஏற்றத் தயங்குகிற அதே கணக்கர்தான் இங்கே நம்பிக்கை பற்றி உபதேசம் செய்கிறார். தமக்கு வர வேண்டியதற்கு ஆவணம், தாம் தர வேண்டியதற்கு நம்பிக்கை! இதைத் தொழில் மரபு என்று நாம் ஏற்க வேண்டுமாம்.

தொழில் நெருக்கடி பொய்யல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான சுங்கத்தை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது ஏற்றுமதியாளர்கள் கலங்கியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சுமையை மிகச் சிறியவர் தலையில் இறக்கிவைக்க எந்த நியாயமும் இல்லை. தன் செலவை அடுத்தவர்மேல் தள்ளிவிடும் பழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. தோல் கழிவால் பாலாறு கெட்டபோது அதன் விலையை உழவர்கள் கொடுத்தார்கள். மாசுபடுத்தியவரே அதை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே இழப்பீட்டுக்காக அந்நீதிமன்றம் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது.

நிரலாளருக்கும் சட்டம் கைகொடுக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த பணியின் பயனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு. மின்னஞ்சலில் முடிந்தது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாது என்று வாதிட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு இடம் தருவதில்லை. 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கான தொகையை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. இதற்காக 2017இல் 'சமாதான்' தளம் தொடங்கப்பட்டது; இணையவழியாகவே முறையிடலாம். பதிவை மட்டும் வேலை தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓவியம், புகைப்படம், திரைப்படம் ஆகியவற்றில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், காசு கொடுத்துச் செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர். நிரலுக்கு அந்த விதி இல்லை. சம்பளத்துக்கு அமர்த்தப்படாத நிரலாளர் எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தரும்வரை அது அவருடையதுதான். அதற்காகக் கோபத்தில் தளத்தை முடக்கிவிடக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அவர்மீதே திரும்பும். நியாயம் கேட்க வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதைவிட ஏமாற்றுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

முன்பணம், கட்டம் கட்டமாகத் தொகை, ஒவ்வொரு 'சின்ன மாற்றத்துக்கும்' எழுத்துச் சான்று: இவை இல்லாமல் விசைப்பலகையைத் தொடாதீர்கள் என்று இளைஞர்களிடம் சொல்வோம். நிறுவனங்களிடம் நாம் கேட்பது ஒன்றே. நிரல் எழுதுகிறவரைச் சட்டம் இலக்கியப் படைப்பாளி என்கிறது. படைப்பாளிக்குரிய மரியாதையை நீங்கள் தராவிட்டாலும் பரவாயில்லை, அது எங்களுக்குப் பழகிவிட்டது. கூலியைத் தந்துவிடுங்கள்.