அகலச் சாலையும் அரை அடி நடைபாதையும்

சாலைகள் ஒரு நாட்டின் இரத்தக் குழாய்கள் என்று எங்களுக்குச் சிறு வகுப்பிலேயே கற்பித்திருக்கிறார்கள். தேர்விலும் அப்படியே எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். ஆனால் இரத்தக் குழாய் அளவுக்கு மீறிப் பருத்தாலும் அது நோய்தான் என்று அறிவியல் ஆசிரியை கூறியபோது, எங்களுக்குப் பள்ளி வாயிலுக்கு எதிரே உள்ள சாலைதான் நினைவுக்கு வந்தது.

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, அச்சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களிலும் வேம்புகளிலும் வெள்ளை வண்ணத்தில் எண்கள் எழுதப்பட்டிருந்தன. மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள் போலும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆறாம் வகுப்புத் தங்கைகள் சிலர் தங்களுக்குப் பிடித்த எண்ணுள்ள மரத்தைத் தங்கள் மரமென்று உரிமை கொண்டாடவும் செய்தனர். பிறகுதான் தெரிந்தது, அவை வெட்டப்படவிருக்கும் மரங்களின் வரிசை எண்கள் என்று. சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மரங்கள் போகும்; அவற்றின் அடியில் உள்ள நடைபாதை போகும்; பேருந்து நிறுத்தத்தின் கூரையும் போகும். "வளர்ச்சி வேண்டுமென்றால் சில இழப்புகளைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று பெரியவர்கள் கூறுகிறார்கள். வளர்ச்சி யாருக்கு, இழப்பு யாருக்கு என்பதே எங்கள் கேள்வி.

ஒரு நாள் சமூக அறிவியல் பாடவேளையில் சிஸ்டர், "யார் யார் எப்படிப் பள்ளிக்கு வருகிறீர்கள்? கை தூக்குங்கள்" என்றார். பேருந்து என்றதும் வகுப்பே ஒரு சிறு காடு போல் கைகளை உயர்த்தியது. அடுத்து நடந்து வருவோர். பிறகு ஷேர் ஆட்டோ, அப்பாவின் ஸ்கூட்டர், மிதிவண்டி. காரில் வருவோரை ஒரு கை விரல்களிலேயே எண்ணி முடித்துவிட்டோம். அவர்களும் ஏதோ தவறு செய்தவர்களைப் போலக் கையைப் பாதிதான் தூக்கினார்கள். பாவம், அதற்குத் தேவையே இல்லை. கார் வைத்திருப்பது குற்றமன்று. ஆனால் ஊர்ப் பணத்தில் சாலையை விரிக்கும்போது, அந்த உயராத கைகளுக்காக மட்டும் விரித்து, உயர்ந்த கைகளின் இடத்தைப் பறிப்பது நியாயமா?

சாலையை விரித்தால் என்ன ஆகும் என்று நாங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே கண்டுவிட்டோம். பேருந்து நிலையத்திற்குச் செல்லும் சாலையைச் சில ஆண்டுகளுக்கு முன் அகலப்படுத்தினார்கள். திறந்த புதிதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. வண்டிகள் பறந்தன. அந்த ஆண்டு தீபாவளிக்குள்ளேயே புதிதாகக் கிடைத்த இடத்தில் கார்களும் மினி லாரிகளும் வரிசையாக நிற்கத் தொடங்கின. மீதி இடத்தில் பழைய நெரிசலே மீண்டும் வந்தது. நடைபாதையோ அரை அடியாகச் சுருங்கியது. அந்த அரை அடியிலும் மின்கம்பம் நிற்கிறது. நடுவில் இரும்புத் தடுப்பு வைத்துவிட்டதால், எதிர்ப்புறம் இருக்கும் மருந்துக் கடைக்குப் போகக் கூட வெகுதூரம் நடந்து சுற்றி வரவேண்டும். அங்கே பூ விற்கும் பாட்டி ஒருவர் இருந்தார். தலையில் கூடையுடன் சாலையைக் கடக்க அவர் எவ்வளவு நேரம் காத்து நிற்பார் என்பதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். ஓர் எட்டு வைப்பார், வண்டியொன்று ஒலியெழுப்பும், பின்வாங்குவார். இப்போது அவர் அங்கே வருவதில்லை. கோயில் வாசலுக்குப் போய்விட்டாராம். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் பூ விற்கிறார்கள்.

சென்ற ஆண்டு அதே சாலையில் நடைபாதை இல்லாமையால் தாரில் இறங்கி நடந்த ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தியை ஒரு மோட்டார் சைக்கிள் தட்டிவிட்டுச் சென்றது. கை முறிந்தது. அரையாண்டுத் தேர்வை அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த எண்ணைப் படிக்கும்போது எங்களுக்கு அந்தத் தங்கையின் மாவுக்கட்டுதான் கண்முன் நிற்கிறது.

விரிந்த சாலை ஏன் மீண்டும் நிரம்பிவிடுகிறது? கல்யாண வீட்டில் பந்தியை நீட்டிப் போட்டால், 'இடம் இருக்கிறதே' என்று, பிறகு சாப்பிடலாம் என்றிருந்தவர்களும் உடனே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா? அதுபோலத்தான். சாலை அகலமானதும், பேருந்தில் சென்றவர் வண்டி வாங்குகிறார். வேறு நேரத்தில் சென்றவர் காலை எட்டரை மணிக்கே புறப்படுகிறார். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ஒரு நெடுஞ்சாலையை 2008ஆம் ஆண்டு மிகப் பெரிய செலவில் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள்! நம் ஊர்ப் பேருந்து நிலையத்தையே அதில் குறுக்கே வைத்துவிடலாம். இருந்தும் சில ஆண்டுகளிலேயே காலை, மாலை நேரங்களில் அச்சாலையைக் கடந்து செல்ல முன்னைவிட அதிக நேரமாயிற்று. அவ்வளவு இடமும் அவ்வளவு பணமும் உள்ளவர்களுக்கே முடியாதது, இரு பக்கமும் கடைகள் நெருங்கிய நம் சாலையில் நடந்துவிடுமா?

ஆம்ஸ்டர்டாம் என்றதும் இன்று எல்லோரும் மிதிவண்டிகளைத்தான் நினைக்கிறோம். அங்கே மக்கள் பிறவியிலேயே மிதிவண்டிப் பிரியர்கள் என்று நாங்களும் எண்ணியிருந்தோம். அது தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. ஒரு கால்வாயையே தூர்த்து அதன்மேல் பெருஞ்சாலை போடலாம் என்று 1967இல் ஒருவர் திட்டம் தந்தார். 1971ஆம் ஆண்டில் நெதர்லாந்துச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர்; அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையைப் படித்துப் பெற்றோர்கள் திரண்டார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பதே அவர்களுடைய இயக்கத்தின் பெயர். சாதுவான பெயரன்று, சாதுவாக இருக்க வேண்டிய நேரமுமன்று. அதே காலத்தில் அந்நகரின் ஒரு நெருக்கமான பகுதியில், பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கித் தங்கள் தெருவை விளையாட விடும்படி கேட்டார்கள். எங்களைவிடச் சின்னப் பிள்ளைகள்! இதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சரி, சென்னைக்கு வருவோம். 1895 முதல் 1953 வரை அங்கே டிராம் வண்டிகள் ஓடின என்று பொது அறிவு நூலில் படித்திருப்பீர்கள். எங்களுள் ஒருத்தியின் கொள்ளுப்பாட்டி அதில் சென்றவராம். அதை நிறுத்தியபின் மேம்பாலங்களைக் கட்டினார்கள். 1973இல் முதல் மேம்பாலம், பிறகு எத்தனையோ. நெரிசல் தீர்ந்ததா என்று சென்னையில் உறவினர் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே சென்னையின் மாநகராட்சிதான் 2014இல், நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையொன்றை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவிகிதம் அவர்களுக்குச் செல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை, சென்னையிலிருந்து இவ்வாண்டு எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்த தோழி உடைந்த நடைபாதைக் கதைகள் நிறையச் சொல்கிறாள். ஆயினும் பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகன்ற நடைபாதையில், தன் தாத்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் சென்றதையும் அவள்தான் சொன்னாள்.

வாகனங்களையன்று, மனிதர்களைக் கொண்டு சேர்ப்பதே நோக்கம் என்று மத்திய அரசு 2006ஆம் ஆண்டிலேயே தன் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையில் கூறிவிட்டது. 2021 மே மாதம் முதல் நம் மாநிலத்தில் நகரச் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் அம்மாமார் பலர் அதனால்தான் வேலைக்குச் செல்கிறார்கள். மாணவியருக்கோ முன்பே இலவச பஸ் பாஸ் உண்டு. ஆனால் காலையில் சீருடைக் கூட்டத்தைக் கண்டதும் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்பதும், நாங்கள் புத்தகச் சுமையுடன் ஓடுவதும், ஓடிச் சேருமுன் அது புறப்படுவதும் அன்றாடக் காட்சி. எல்லா நடத்துநர்களும் அப்படியல்லர். ஒருவர் எங்களுக்காகவே நின்று, கடைசிப் பெண் ஏறும்வரை விசில் ஊதமாட்டார். ஆனால் அவர் பணியில் இல்லாத நாளில் நாங்கள் என்ன செய்வது? பேருந்துகள் கூடுதலாக ஓடினால் நல்ல மனத்தை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐம்பது பேரை ஏற்றிச் செல்லும் ஒரு பேருந்து அடைக்கும் இடம் மூன்று கார்கள் நிற்கும் இடந்தான்.

இன்னொன்று. அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் எங்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தரும். நாங்கள் நாள் எண்ணிக் காத்திருக்கிறோம். சில வீடுகளில் இப்போதே எதிர்ப்பு: "வண்டி வந்தால் தம்பிக்குக் கொடு, அந்த ரோட்டில் பெண் பிள்ளையை எப்படி விடுவது?" பெற்றோரைக் குறை கூற மாட்டோம். அவர்கள் அஞ்சுவது எங்களை எண்ணியன்று, சாலையை எண்ணி. ஒரு கையால் மிதிவண்டியைத் தந்துவிட்டு, மறு கையால் அதை ஓட்டும் ஓரத்தை எடுத்துக்கொண்டால், அந்தப் பரிசு வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கும்.

எதிர்த்தரப்பிலும் நியாயமுண்டு. ஆம்புலன்ஸ் வண்டிக்கு வழி வேண்டாவா என்கிறார்கள், வேண்டும். ஆனால் அதற்கு வழிமறிப்பது மரமன்று, தாறுமாறாக நிறுத்திய வண்டிகள். எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை லாரி ஓட்டுநர். "ஊருக்குள் லாரி வரவேண்டிய அவசியமே இல்லையம்மா, புறவழிச்சாலையை ஒழுங்காக முடித்தால் நாங்கள் ஏன் பள்ளி வாயிலில் வந்து நிற்கிறோம்?" என்றார் அவர். ஆகவே எந்தச் சாலையும் கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. கடைக்காரர்களுடன் பேசினோம். வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் குறையும் என்று இருவர் உறுதியாகக் கூறினர். அவர்களை எங்களால் இணங்க வைக்க முடியவில்லை. மூன்றாமவர், எங்களுக்கு எழுதுபொருள் விற்பவர், "என் கடைக்குக் காரில் வருபவர் யாரம்மா?" என்று சிரித்தார்.

நகராட்சிகளுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் தந்த பொறுப்புகளில் சாலைகளும் உண்டு என்று குடிமையியல் பாடத்தில் இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. அந்தந்தப் பகுதியின் வாக்காளர்கள் அதில் தங்கள் குறைகளைக் கூறலாம். வாக்காளர்கள்! எங்களுக்கு அந்தப் பேறு வர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் மரங்கள் விறகாகிவிடும். எனவேதான் இந்த ஆண்டுமலரைக் கையில் எடுக்கும் அப்பாமாரையும் அம்மாமாரையும் நாடுகிறோம்.

நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். மரங்களையும் நடைபாதையையும் விட்டுவைத்து, அதே பணத்தில் நடைபாதையைச் சீர்செய்து, மிதிவண்டிக்கு ஓர் ஓரம் ஒதுக்கி, பள்ளி வாயிலில் சாலையைக் கடக்கக் கோடிட்டு, காலையிலும் மாலையிலும் கூடுதல் பேருந்து விடும்படி மேலிடத்தை வலியுறுத்துமாறு நகர்மன்றத்தைக் கேட்டிருக்கிறோம். தமிழாசிரியை பிழை திருத்திக் கொடுத்தார். 'பணிவுடன்' என்ற சொல் மூன்று இடங்களில் வந்ததாம், இரண்டை நீக்கிவிட்டார். பகுதி சபை அடுத்த மாதம் கூடுகிறது. மனு பள்ளி அலுவலகத்தில் வரவேற்பு மேசையின் மேல் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும்போது, கையொப்பத்துடன் தங்கள் வார்டு எண்ணையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.