தீராத வலியும் பூர்வ ஜென்மப் பாவமும்

புண் ஆறிவிட்டது, அக்கிக் கொப்புளம் உதிர்ந்து தோலும் மூடிவிட்டது. வலி மாத்திரம் மாதக்கணக்காய்ப் போகவில்லை என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களிடம் ஜோசியரும் புரோகிதரும் "பூர்வ ஜென்மப் பாவம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்பார்கள். அனுபவித்துத்தான் தீரவேண்டுமானால் பரிகாரம் எதற்கு, தட்சணை எதற்கு என்று கேட்பாரில்லை. படித்தவர்களோ படம் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்பார்கள். வலிப்பவள் பெண்ணாயிருந்தால் "வேலைக்குக் கள்ளம்" என்ற பட்டமும் வீட்டிலேயே கிடைத்துவிடும். இம்மூன்றும் பொய் என்பதே நமது அபிப்பிராயம்.

பிரெஞ்சு தேசத்து டெகார்ட் என்பவர், தாம் செத்தபின் 1662-ல் வெளிவந்த புத்தகத்தில், நரம்பை மணிக்கயிற்றுக்கு ஒப்பிட்டார். காலில் இழுத்தால் தலையில் மணியடிக்கும் என்பது அவர் கருத்து. அப்படியானால் இழுப்பவன் போனதும் மணி நிற்கவேண்டுமல்லவா? நிற்பதில்லையே! காரணம், மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பணுக்களோடு கிளியா என்னும் வேறு அணுக்களும் இருக்கின்றன. 1856-ல் ஜெர்மானிய வைத்தியர் விர்ச்சோ, இவை நரம்பை ஒட்டவைக்கும் பசை என்றெண்ணியே அந்தப் பெயரை வைத்தார். ஏவல் வேலைக்காரன் என்று ஒதுக்கப்பட்டவனுடைய யோக்கியதை வெகுகாலம் தெரியாமலிருப்பது நமக்கொன்றும் புதிதல்ல.

இவற்றில் மைக்ரோகிளியா என்பது நோயெதிர்ப்புச் சேனையைச் சேர்ந்த காவலாளி. நரம்பு காயம்பட்டால் அது ரசாயனப் பொருள்களால் தண்டுவடத்துக் காவலாளிக்குச் சேதி அனுப்புகிறது. காவலாளி விழித்து, பெருகி, சைட்டோகைன் முதலிய பொருள்களைக் கக்குகிறது. அவை நரம்பணுவை முறுக்கேற்ற, நரம்பணு மறுபடி காவலாளியை எழுப்ப, திருடன் ஓடியபின்னும் தடியைக் கீழே வைக்காத கதையாகிவிடுகிறது. துணி உரசினாலும் நெருப்புப் பட்டது போலிருக்கும். 2003-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் மைக்ரோகிளியாவின் மேலுள்ள ஒரு வாயிலை மருந்தால் அடைத்தார்கள். அந்த வலி குறைந்தது. அக்காவலாளி கக்கும் ஒரு பொருளினால், வலியை அடக்கவேண்டிய உத்தரவே வலியைத் தூண்டும் உத்தரவாகத் திரும்பிவிடுகிறதென்று 2005-ல் கானடாவிலிருந்து தெரியவந்தது.

எலி சமாச்சாரம் மனிதனுக்குப் பொருந்துமா? 2015-ல் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் நாட்பட்ட முதுகுவலிக்காரரின் மூளையை விசேஷப் படம் பிடித்தார்கள். தாலமஸ் என்னும் பாகத்தில் கிளியா விழித்திருப்பதன் அடையாளம் வலியில்லாதவரைவிட அதிகமாயிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது. ஆகவே படத்தில் ஒன்றுமில்லை என்றால் அந்தப் படத்தில் தெரியவில்லை என்பதுதான் அர்த்தம்.

எல்லா வலிக்கும் இதுவே காரணமென்று நாம் சொல்லவில்லை. எலியில் பலித்த ஒரு கிளியா மருந்து, அக்கி வலிக்காரரிடம் பலிக்கவில்லை. மேலும், நெடுங்காலம் ஆண் எலிகளையே சோதித்து வந்தார்கள். 2015-ல் பெண் சுண்டெலிகளையும் சோதித்தபோது, மைக்ரோகிளியாவை அடக்கியும் அவற்றின் வலி அடங்கவில்லை. அங்கே டி அணு என்னும் வேறு எதிர்ப்பணு அந்த வேலையைச் செய்கிறதென்று கண்டார்கள். நாட்பட்ட வலியில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் அவதிப்படும்போது இந்த ஓரவஞ்சனை சின்ன விஷயமல்ல. ஆனால் தவறென்று தெரிந்ததும் விஞ்ஞானி அதை அச்சிட்டுவிட்டான். எந்தப் புராணத்துக்காவது இப்படித் திருத்தப் பதிப்பு உண்டா?

உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்று 2022-ல் அமுலுக்கு வந்த வியாதிப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட வலிக்குத் தனி இடம் கொடுத்தாகிவிட்டது. பரிகாரத்துக்கு முடிந்துவைத்த பணத்தை அவிழ்த்து, வலிக்கிறவளை வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். "படத்தில் ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னால், வலிக்கு என்ன வைத்தியம் என்று மறுபடியும் கேளுங்கள்.