பிறசர் அளக்க மட்டும்தானா நாங்கள்?

'ஆய்வுப் பயிற்சி' எண்டு ஒரு நாள் மண்டபத்துக்குக் கூப்பிடுவார்கள். ஸ்லைட் ஓடும், மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். அடுத்த நாள் படிவக்கட்டோடு ஊருக்குள் இறக்கிவிடுவார்கள். இதுக்குப் பேர் பயிற்சியா?

அளக்கிறதையே முதலில் எடுப்போம். பிறசர் பார்க்க முன் ஆள் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவேணும். முதுகு சாய்ந்து, பாதம் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில், கதை கிடையாது. கையில் சுற்றும் பட்டி சின்னன் எண்டால் அளவு கூட்டிக் காட்டும். ஒருதரம் போதாது, திரும்பவும் அளக்கவேணும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் இண்டைக்கு இத்தனை படிவம் முடியவேணும் எண்டு நெருக்கினால், முதலில் பறிபோவது அந்த ஐந்து நிமிடம்தான். பிழையாக அளந்த எண்ணை எந்தப் புள்ளிவிபரவியலும் திருத்தித் தராது.

உயர் குருதியமுக்க ஆய்வில் இலங்கை சின்ன இடமில்லை. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்துப் பார்த்த ட்ரையம்ஃப் ஆய்வு இங்கே 700 நோயாளிகளிடம் நடந்தது. 2018இல் வெளியான அதன் முடிவில், ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் 70 வீதம். வழமையான சிகிச்சையில் 55 வீதம். 2020இல் வெளியான கோப்ரா ஆய்வு பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய் அளந்து ஆலோசனை சொன்ன இடங்களில் மேல் அளவு சராசரியாக 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. இரண்டிலும் இந்த நாட்டு மூத்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். அதை மறுக்கேல்லை. அவர்களுக்குப் பிறகு ஆர் எண்டதுதான் எங்கட கேள்வி.

எங்கட வட்டத்தில் ஒருத்தி மாதக்கணக்காக ஓர் ஆய்வுக்குத் தரவு சேர்த்தா. கட்டுரை வெளிவந்ததே அவவுக்குப் பிறகுதான் தெரியும். 'தரவு சேர்த்தால் மட்டும் ஆசிரியராக ஏலாது' எண்டு பதில் சொன்னார்கள். சரி, விதி அதுதான். ஆனால் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இன்னொன்றும் சொல்லுது: தரவு சேர்ப்பில் கணிசமாகப் பங்களித்தவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் வாய்ப்புக் கொடுக்கவேணும். வாய்ப்பையே கொடுக்காமல் தகுதி இல்லை எண்டு சொல்லுறது என்ன நியாயம்?

கிளினிக்கில் குளிசை வாங்கிற அம்மம்மா ஏன் இடையில் நிப்பாட்டுறா? விடிய முதல் கடலுக்குப் போறவர் எப்ப கிளினிக்குக்கு வாறது? இந்தக் கேள்விகள் வீடு வீடாகப் போற எங்களுக்குத்தான் முதலில் வரும். அதை ஆய்வாக்கப் பழக்கிறதுதான் பயிற்சி.

அடுத்தமுறை கூப்பிட்டால் ரெண்டு கேள்வி கேளுங்கோ: தரவைப் பகுப்பாய்வு செய்யிறது ஆர்? கட்டுரை எழுதிறது ஆர்? ரெண்டிலும் நாங்கள் இல்லை எண்டால் அது பயிற்சி இல்லை, கூலிவேலை. அப்ப கூலியையாவது ஒழுங்காகத் தரட்டும்.